ஐம்பது சொற்களுக்குள் காரணம்

மே 8

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. 600க்கு 371.

அதைப் பார்ப்பதற்கு முன்னால் போனை யாழினியின் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. திரை முழுக்க எச்சில். ஒரு துளி சரியாக 3-இன் மேல் விழுந்து, ஒரு நொடி அது 571 போலத் தெரிந்தது. அந்த ஒரு நொடிக்கு நான் தென்காசியிலேயே பெரிய மனுஷி. பிறகு துடைத்தேன்.

371. ஏழு பெருக்கல் ஐம்பத்து மூன்று. பகா எண்ணாகவாவது இருந்திருக்கலாம். அந்த கௌரவம்கூட இல்லை.

யாழினி என் தங்கை. அவளுக்கு வயது பத்து மாதம், எனக்குப் பதினேழு. இந்த இடைவெளியைப் பற்றி எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு, யாழினியைத் தவிர.

அம்மாவிடம் சொன்னேன். படுத்தபடியே "சரி" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தூக்கம் வந்திருக்கும்.

இந்த டைரி அப்பா வேலை பார்க்கும் புனலூர் பேக்கரியில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு கேக் படம். மே 8-க்கு அன்னாசி கேக். அதற்குக் கீழே 371 என்று எழுதினால் விலை போல இருக்கிறது.

மே 9

ஷாஜிதா வந்தாள். அவள் 568. வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். 568 எடுத்தவள் அழ, 371 எடுத்தவள் தட்டிக்கொடுத்தேன். இடுப்பில் இருந்த யாழினியும் அவள் தலையில் இரண்டு தட்டு தட்டினாள்.

பத்தாம் வகுப்பில் 500க்கு நான் 482, அவள் 479. அவளுக்கு வடிவியல் சொல்லிக்கொடுத்ததே நான்தான். இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் கணிதம் படிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்து வைத்திருந்தோம்.

"பெரிய காலேஜுக்கே போடுவோம்ட்டி" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"371-ஐ வச்சுக்கிட்டா?"

"போடுததுக்கு என்ன? அவ்வோ என்ன அடிக்கவா போறாவ?"

உடனே பட்டியல் போட்டோம். பாளையங்கோட்டையில் ஒன்று, மதுரையில் ஒன்று, சென்னையில் ஒன்று. மூன்றுமே 540-க்குக் கீழே திரும்பிக்கூடப் பார்க்காத கல்லூரிகள். முடிவு செய்தபிறகு எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. யாழினிக்கு விக்கல் வரும் வரை மூவரும் சிரித்தோம்.

மே 12

ஷாஜிதாவின் போனில் மூன்று விண்ணப்பங்களையும் நிரப்பினோம். பாளையங்கோட்டை முடிந்தது. சென்னை முடிந்தது. மதுரைக் கல்லூரியின் விண்ணப்பத்தில்தான் ஒரு கட்டம் வந்து நின்றது.

‘பத்தாம் வகுப்பைவிட மதிப்பெண் குறைந்திருந்தால், காரணம் (ஐம்பது சொற்களுக்குள்).’

ஷாஜிதா என்னைப் பார்த்தாள். நான் யாழினியைப் பார்த்தேன். யாழினி தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"உள்ளத எழுதேன்ட்டி. உங்க அம்மைக்கு உடம்பு..."

"பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனேன். அடுப்பில் பாலே இல்லை.

மே 13

காரணங்கள், முதல் சுற்று:

மஞ்சள் காமாலை. (யாரும் நம்புவார்கள். ஆனால் சான்றிதழ் கேட்பார்கள்.)

நாய் கடித்தது. (ஒரு வருடமாகவா?)

கணக்குத் தேர்வில் விடைகளைச் சரியாக எழுதினேன், படிகளை எழுதவில்லை. (இது உண்மை. ஒரு கையில் தங்கையை வைத்துக்கொண்டு தொட்டிலை ஆட்டியபடியே படித்தால் எல்லாவற்றையும் மனதிலேயே போட்டுப் பழகிவிடுகிறது. பரீட்சையில் இரண்டு கையும் சும்மா இருந்தபோது என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஆனால் கட்டத்தில் இதை எழுதினால், ஏன் தங்கையை நீ வைத்திருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும்.)

எழுபத்தொரு நாள் பள்ளிக்குப் போகவில்லை. (ஏன்?)

எந்தப் பக்கம் போனாலும் அதே வீட்டுக் கதவுதான் வருகிறது. கதவைத் திறந்துவிட்டால் செண்பகம் அத்தை அடுத்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து அம்மாவைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்வாள். அதை ஒருமுறை எங்கள் வாசலில் நின்றே சொன்னாள். நான் அவள் வீட்டுக் கொடியில் காய்ந்த அத்தனை துணியையும் நனைத்துவிட்டேன். அது தனிக்கதை.

மே 15

அம்மா காபி போட்டாள். சர்க்கரைக்குப் பதில் உப்பு. இரண்டு டம்ளர் குடித்தேன்.

மே 16

சென்னைக் கல்லூரி என்னை நிராகரித்துவிட்டது. ஈமெயில் முழுக்க ஆங்கிலம். ‘வருந்துகிறோம்’ என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்கள். சென்னையில் யாரோ ஒருவர் எனக்காக இரண்டு முறை வருந்தியிருக்கிறார். நாள் முழுக்க ஒரு மிதப்பிலேயே இருந்தேன்.

மே 18

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் அப்பா நேற்று வந்து இன்று போய்விட்டார். ஒரு பை நிறைய பன். யாழினி ஒரு பன்னைத் தலையணையாக வைத்துத் தூங்கினாள்.

கல்லூரி பற்றிச் சொன்னேன். அப்பா கூடத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பன் உறையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"மதுரைன்னா ஹாஸ்டலாம்மா?"

"கெடைச்சாத்தானப்பா."

"கெடைச்சா..." என்று தொடங்கி, தொட்டிலைப் பார்த்து, அம்மா படுத்திருந்த அறையைப் பார்த்து, நிறுத்திவிட்டார். பிறகு, "நீ போட்டுருமா. பொறவு பாப்போம்" என்றார்.

"அதுல ஒரு கட்டம் இருக்குப்பா. மார்க் ஏன் கொறைஞ்சதுன்னு கேக்காவ. அதுல மட்டும் ஒண்ணும் எழுதப் போறதில்ல."

"எழுதலன்னா கெடைக்குமா?"

"கெடைக்காது" என்று சொல்லிச் சிரித்தேன். கிடைக்காத இடத்துக்கு விண்ணப்பிப்பதில் ஒரு வசதி இருக்கிறது, யாரையும் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. டைரியிடமும் சொல்வதாக இல்லை, கை எழுதிவிட்டது.

கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஐம்பது சொல் கேட்ட இடத்தில் ஒரே சொல்.

மே 20

அம்மா மதியம் வெளியே போனாள். "இந்தா வாரேன்" என்றாள். செருப்பு போட்டுக்கொண்டாள். இருபது நிமிடம். நான் யாழினியைத் தூக்கிக்கொண்டு அந்த இருபது நிமிடமும் வாசலில் நின்றேன். தெருமுனை தெரியும்படி.

வந்தாள். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. கொஞ்சம் வியர்த்திருந்தாள், அவ்வளவுதான்.

மே 21

டைரியில் டிசம்பர் 31 கிழிந்திருக்கிறது. பிளம் கேக் பக்கம். யாழினியை விசாரித்தேன். வாயைத் திறந்து பார்த்தேன். இரண்டு பல் தவிர வேறு தடயம் இல்லை. விழுங்கியிருப்பாள்.

மே 23

பாளையங்கோட்டைப் பட்டியல் வந்துவிட்டது. முதல் பெயரே ஷாஜிதா. கடைசிப் பெயர் வரைக்கும் தேடினோம். பிறகு ஒரு நம்பிக்கையில் கீழிருந்து மேலே ஒருமுறை தேடினோம்.

"நான் சேரல" என்றாள்.

"ஏட்டி போ, லூசு" என்றேன். "நீ சேந்து நோட்ஸ் எடுத்து அனுப்பு. படிய எல்லாம் ஒண்ணு விடாம எழுது."

அவள் போனபிறகு யாழினிக்கு நாற்பத்தேழு முறை மூக்கைத் தொட்டுக் காட்டினேன். நாற்பத்தெட்டாவது முறை அவளே தன் மூக்கைத் தொட்டாள்! தெருவே கேட்கும்படி கத்தினேன். அம்மா எழுந்து வந்து, என்னவோ ஏதோ என்று பார்த்தாள். "இன்னொருக்கா செய்யச் சொல்லு" என்றாள். யாழினி செய்தாள். அம்மா சிரித்தாள். பல் தெரிந்தது.

மே 29

குளிக்கும்போது போன் வந்தது. தலை முழுக்க நுரையோடு ஓடினேன்.

மதுரைக் கல்லூரி! ஜூன் 4, காலை பத்து மணி, நேர்முகம். பெற்றோர் ஒருவர் உடன் வர வேண்டும்.

"என்னையா?" என்றேன்.

"உலகம்மைதானே?"

"ஆமா, ஆனா 371..."

"தெரியும்மா. உங்க லெட்டர் வந்துச்சு. மேடம் பாத்துட்டுத்தான் கூப்பிடச் சொன்னாங்க."

"எந்த லெட்டர்?"

அவர் வைத்துவிட்டார். நுரை கண்ணில் இறங்கியது. எரிச்சலில் கண்ணீர் வந்தது. எரிச்சலில்தான்.

ஷாஜிதாவுக்குப் போன் போட்டு, லெட்டர் எழுதினாயா என்று மிரட்டினேன். "அல்லா மேல ஆணையா நான் எழுதல. எழுதிருக்கணும், தோணாமப் போச்சே!" என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அப்பாவாக இருக்காது. அப்பா பால்காரருக்கு எழுதும் சீட்டையே என்னிடம்தான் திருத்தச் சொல்வார்.

ஜூன் 2

பள்ளிக்கூடங்கள் திறக்கிற நேரம், பேக்கரியில் ஆர்டர் குவிந்துவிட்டதாம், அப்பாவுக்கு லீவு இல்லை. போனில் அவர் மன்னிப்புக் கேட்பது போலப் பேசினார். "விடுங்கப்பா, நான் போகல" என்றேன்.

"நான் வாரேன்."

டி.வி.யில் யாரோ சொல்கிறார்கள் என்று நினைத்தேன். டி.வி. அணைந்து கிடந்தது. அறை வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"மதுரைக்காம்மா? மூணு மணி நேரத்துக்கு மேல ஆவுமே. பஸ்ல கூட்டமா இருக்கும்."

"இருக்கட்டும். நீல சேலைய இஸ்திரி போடணும்" என்றாள்.

ஜூன் 3

பைக்குள்: பால் பாட்டில் இரண்டு, வெந்நீர் பிளாஸ்க், துணி எட்டு, பன் நான்கு, மதிப்பெண் பட்டியல், அம்மாவின் மாத்திரை. மாத்திரையை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன்.

ஜூன் 4

எங்கிருந்து தொடங்குவது! அவசரத்தில் எழுத்து கிலோமீட்டருக்கு ஒன்றாக விழுகிறது.

காலை ஐந்தேகால் பஸ். அம்மா ஜன்னலோரம். சாரல் முகத்தில் அடித்தது, மூட மாட்டேன் என்றாள். புளியங்குடி வரை நான் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ராஜபாளையத்தில், "என்னையவே என்னத்தட்டி பாக்க? படி" என்றாள்.

கல்லூரியில் நீளமான வராந்தா. என்னைப் போல இருபது பேர், எல்லோரும் இஸ்திரி போட்ட முகத்தோடு. எங்களிடம் மட்டும்தான் குழந்தை. யாழினி எல்லா அப்பாக்களிடமும் மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

என் பெயரைக் கூப்பிட்டதும் பழக்கத்தில் யாழினியையும் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அம்மா கை நீட்டினாள். கொடுத்தேன். கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். "போ" என்று தலையை அசைத்தாள்.

உள்ளே மூன்று பேர். நடுவில் கணிதத் துறைத் தலைவர், ஒல்லியான மேடம், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. அவர் முன்னால் என் விண்ணப்பம். அதன் மேல் ஒரு தாள். தாளின் தலையில் ஒரு பிளம் கேக்.

டிசம்பர் 31.

அம்மாவின் கையெழுத்து, அவளுக்கே உரிய கொம்பு நீண்ட கையெழுத்து. ஒரு வருடமாக நான் பார்க்காத எழுத்து. நான் பார்ப்பதை மேடம் பார்த்தார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மனப்பாடமாகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன்:

‘மதிப்பிற்குரிய அம்மா. என் மகள் உலகம்மைக்கு மார்க் குறைந்ததற்கு நான்தான் காரணம். சின்னவள் பிறந்த பிறகு என் மனசு சரியில்லாமல் போய்விட்டது. டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது பரவாயில்லை. பத்து மாதம் சின்னவளுக்குத் தாய் உலகுதான். அரையாண்டுக் கணக்குப் பரீட்சை அன்று நான் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய் ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். இவள் பரீட்சையை விட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடி வந்தாள். என்னைக் கண்டதும் ஏன் என்று கேட்கவில்லை. பசிக்கிறதா என்று கேட்டாள். இதை அவள் எழுத மாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன். அவளைப் பார்த்துப் பாவப்பட வேண்டாம். கணக்குக் கேட்டுப் பாருங்கள்.’

ஐம்பது சொல்லுக்கு மேலே போய்விட்டது. யாரும் எண்ணவில்லை போலிருக்கிறது.

"அம்மா சொன்னபடி செஞ்சிருவோமா?" என்றார் மேடம். "ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் இருக்கிற ஒற்றை எண்களைக் கூட்டினா?"

"இரண்டாயிரத்து ஐந்நூறு."

"எப்படி?"

"அம்பது ஒற்றை எண் இருக்கு, அம்பதோட வர்க்கம்."

"அது விடை. ஏன் அப்படி வருதுன்னு சொல்லு."

அங்கேதான் எனக்கு வாய் திறந்துகொண்டது. யாழினியின் பிஸ்கட்டை வைத்து நான் தரையில் விளையாடுவது அது. "ஒரு பிஸ்கட் வைக்கணும் மேடம். அதச் சுத்தி ‘ட’ மாதிரி மூணு பிஸ்கட் வச்சா ரெண்டுக்கு ரெண்டு சதுரம். அதச் சுத்தி அஞ்சு வச்சா மூணுக்கு மூணு. ஒவ்வொரு ஒற்றை எண்ணும் ஒரு ‘ட’. எத்தன ‘ட’ வச்சமோ அத்தனக்கு அத்தன சதுரம் வரும். ஆனா சீக்கிரம் வைக்கணும், இல்லன்னா என் தங்கச்சி மூலைய தின்னுருவா."

ஓரத்தில் இருந்த சார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றினார்.

அப்போது வெளியே யாழினி அழத் தொடங்கினாள். சாதாரண அழுகை இல்லை, பசி அழுகை, எனக்கு அவளுடைய ஒன்பது அழுகையும் தெரியும். நான் எழுந்தே விட்டேன்.

"எங்க போற?"

"பாப்பா அழுதா மேடம்."

"அவளுக்கு அங்க அம்மா இருக்காங்கல்ல?" என்றார். "உக்காரு."

உட்கார்ந்தேன். எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றில் அழுகை நின்றது. நான் போகாமலே நின்றது. இதுவரை அப்படி நடந்ததே இல்லை. நாற்காலியில் நான் இருக்கிறேனா, காற்றில் இருக்கிறேனா என்று தெரியவில்லை.

"371 கொஞ்சம் கஷ்டம்தான்" என்றார் மேடம் என் பட்டியலைப் பார்த்து. எனக்கு என்ன ஆனதோ, அந்த நொடியில்தான் கண்ணில் பட்டது. "மேடம்! மூணோட கனம் இருபத்தேழு, ஏழோட கனம் முந்நூத்தி நாப்பத்து மூணு, ஒண்ணோட கனம் ஒண்ணு. கூட்டினா 371!" என்று கத்திவிட்டேன். மூவரும் குனிந்து கூட்டிப் பார்த்தார்கள். உண்மையாகவே பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள்.

வெளியே வந்தபோது அம்மா மடியில் யாழினி பாட்டிலோடு. அம்மாவின் நீலச் சேலையெல்லாம் பால்.

பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் கேட்டேன். "யாரக் கேட்டும்மா எழுதுன?"

"யாரக் கேக்கணும்? என் சீக்கு, நான் எழுதுதேன்."

"என் டைரியப் படிச்சியா?"

"இல்லையே" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "செம்பகத்து துணிய நீதான் நனைச்சியோ?" என்றாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 5

நாள் முழுக்கத் தூங்கினேன். யாழினியை யார் பார்த்துக்கொண்டது என்று கேட்கவே மறந்துவிட்டேன்.

ஜூன் 10

கிடைத்துவிட்டது!!!

ஒரு நிபந்தனை: ஜூன் 16 முதல் மூன்று வாரம் ஆயத்த வகுப்பு, முதல் செமஸ்டரில் எல்லாத் தாளிலும் அறுபதுக்குக் குறையக் கூடாது. மேடமே போனில் சொன்னார். "படிகள் எழுதணும், உலகம்மை. எல்லாப் படியும்." "எழுதுதேன் மேடம், கை வலிக்க வலிக்க எழுதுதேன்!"

அப்பாவிடம் சொன்னேன். பேக்கரிச் சத்தத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினார். "மாவு தூசி" என்றார். ஷாஜிதா போனில் கத்தியதில் என் வலது காது இன்னும் குய்ங் என்கிறது. செண்பகம் அத்தைக்கு மிட்டாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், கொடியை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஜூன் 12

அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த பட்டியல்: எந்த அழுகைக்கு என்ன, எந்த டப்பாவில் கஞ்சி மாவு, சளி மருந்து எத்தனை சொட்டு, மாத்திரை நேரம். மூன்று பக்கம். அம்மா பொறுமையாகப் படித்தாள். "ஒம்போதுல்லா சொன்ன? பத்தாவதா ஒண்ணு அழுதாளே, காதுவலி அழுக. அது இதுல இல்லையே" என்றாள்.

எனக்குத் தெரியாத ஓர் அழுகை.

ஜூன் 15

ஞாயிறு. அப்பா மதுரைக்குக் கூட்டிவந்தார். தென்காசி பஸ் ஸ்டாண்டில் யாழினி அழுவாள் என்று நான் என்னைத் தயார்படுத்தி, கைக்குட்டை எடுத்து, வசனம்கூட யோசித்து வைத்திருந்தேன். அவள் அம்மாவின் தோளில் இருந்துகொண்டு ஒரு பலூன்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பியது. திரும்பவே இல்லை! மதுரை திருநகர் வரை எனக்குக் கோபம் அடங்கவில்லை. அப்பா பன் கொடுத்தார். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. நானும் அழுவதாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூன் 17

முதல் கணக்குக்குப் பதினேழு படி எழுதினேன். மேடம், "இவ்வளவும் வேண்டாம்மா" என்றார்.

மாலை ஆறு மணிக்கு ஹாஸ்டல் வராந்தாவில் போன். அம்மா.

"ஏட்டி, உனக்கு அறிவிருக்கா? ரெண்டு நாளாச்சு, போன் பண்ணணும்னு தோணலையா? குளிச்ச துண்ட நனைஞ்சபடி கட்டிலுக்கு அடியில சுருட்டி வச்சிட்டுப் போயிருக்க, ஊரே நாறுது! வளந்த பிள்ளையா நீ? சாப்பிட்டியா இல்லையா? வாயத் தொறந்து பேசு!"

தூணில் சாய்ந்துகொண்டு பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தேன்.

ரூம்மேட் கயல் அந்தப் பக்கம் போனவள் நின்று, "யாரு? நல்ல செய்தியா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா" என்றேன் போனைக் கையால் பொத்திக்கொண்டு. "திட்டுதா."